மடிக்கணினி எழும்பலையா? பதறாதீங்க!



போன மாதம் நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரே பதற்றம். மறுநாள் காலையில் வங்கிக் கடனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். முந்தின நாள் மாலை மடிக்கணினியைப் போட்டால் திரை கறுப்பாகவே கிடக்கிறது. எந்தக் கீயைத் தட்டினாலும் அசைவில்லை. எல்லாக் குழுக்களின் சேமிப்பும் கடனும் அதற்குள்தான். "எல்லாம் போச்சே அக்கா" என்று கணக்கு எழுதும் தங்கை அழுதே விட்டாள். கடைசியில் பார்த்தால் ஐந்து நிமிட வேலை! அன்று நாங்கள் கற்றதை உங்களுக்கும் சொல்கிறோம்.

நம்மில் பல வீடுகளில் மடிக்கணினி இருக்கிறது. 2011ல் தமிழக அரசு தொடங்கிய இலவசத் திட்டத்தில் பிள்ளைகள் பள்ளியில் வாங்கியதாக இருக்கலாம். பழசானால் மக்கர் பண்ணத்தான் செய்யும்.

முதலில் கரண்ட்டைப் பாருங்கள். அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். கரண்ட் வந்தால், மடிக்கணினி சார்ஜரின் வயரும் பின்னும் லூசா என்று பாருங்கள். சார்ஜ் விளக்கு எரிகிறதா?

அடுத்து, தேங்கிய மின்சாரத்தை வடிய விடுங்கள். சார்ஜர், பென்டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுங்கள். உள்ளேயே பொருத்தியது என்றால் நெம்ப வேண்டாம். பவர் பொத்தானை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் சொருகிப் போடுங்கள. எங்களுடையது இதில்தான் எழுந்தது!

திரை மட்டும் கறுப்பா? கேப்ஸ் லாக் கீயைத் தட்டுங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, கோளாறு திரையில் இருக்கலாம். எச்டிஎம்ஐ வயர் போட்டு டிவியில் படம் தெரிகிறதா பாருங்கள்.

திரை வந்தும் கீ வேலை செய்யலையா? வலது பக்க ஷிப்ட் கீயை 8 விநாடி அழுத்தினால் விண்டோஸில் 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதி தானாக வந்துவிடும். அது வந்தால் சும்மா தட்டும் கீயெல்லாம் எடுக்காது. மறுபடி அதே மாதிரி அழுத்தினால் போய்விடும். அதுவும் இல்லை என்றால் யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கிச் சொருகுங்கள். அது வேலை செய்தால் அவசர வேலையை முடித்துவிடலாம். கெட்டது பழைய கீபோர்டு மட்டுமாக இருக்கலாம்.

நம்ம சங்கரன்கோவிலில் தறி ஓடும் வீடுகள் நிறைய. பஞ்சுத் தூசி கீக்கு அடியிலும் காற்றுப் போகும் துளையிலும் அடைந்துவிடும். அணைத்து வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க: டீயோ தண்ணீரோ கொட்டினால் உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிக் கவிழ்த்து வையுங்கள். 'எழும்புதா பார்ப்போம்' என்று போடவே கூடாது. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கடைக்குக் கொண்டு போனால் முதல் வார்த்தையே இதுவாக இருக்கட்டும்: "ஃபார்மட் பண்ணாதீங்க தம்பி, உள்ளே இருக்கிற கணக்கை முதல்ல எடுத்துத் தாங்க." மடிக்கணினி எழும்பவில்லை என்பதால் கணக்கு அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஹார்டு டிஸ்க் நல்லா இருந்தால் கழற்றி வேறு கணினியில் எடுத்துக் கொள்ளலாம். வங்கிப் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இப்போது நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் கணக்கைப் பென்டிரைவில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். பேரேட்டையும் கையால் எழுதி வருகிறோம். உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டத்திலேயே தொடங்குங்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தின் கணக்கு ஒரே இடத்தில் இருக்கலாமா, சொல்லுங்கள்?