என் பேனா எந்த மரம்?

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16-ம் தேதி விடிந்தபோது, பேராவூரணிப் பக்கம் நான் வாங்கியிருந்த தோப்பில் நின்ற தென்னையைவிட விழுந்த தென்னைதான் அதிகம். வங்கியில் ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கிய நிலம். வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வரப்போரம் நின்ற பெரிய மரம் ஒன்றும் வேரோடு சாய்ந்து கிடந்தது. அது என்ன மரம் என்றுகூட எனக்குத் தெரியாது. "தூங்குமூஞ்சி சார், விறகுக்குத்தான் ஆகும்" என்றார் வியாபாரி. ஏழாயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். வழி விட்டால் போதும் என்று எல்லோரும் இருந்த நேரம் அது.

லாரியில் ஏறாமல் தப்பிய ஒரு துண்டு, மோட்டார் கொட்டகையில் உட்காரும் கட்டையாக ஐந்து வருஷம் கிடந்தது. போன வருஷம் கதவு மாட்ட வந்த தச்சர் தம்பி அதன் ஓரத்தை உளியால் செதுக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். பத்து நாளில் அதைக் கடைந்து ஒரு பேனாவாகக் கொண்டுவந்து கொடுத்தார். வறுத்த காபிக்கொட்டை நிறம், ஊடே கரும்பழுப்பு ஓட்டம். கையில் வாங்கியதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஏழாயிரத்துக்கு எதைத் தூக்கிக் கொடுத்தோம்?

பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒருவர் தேக்கு, ஒருவர் கருங்காலி. ஈட்டி என்றவர் கூடவே பயமும் காட்டினார். ஈட்டி மரத்தைப் பாதுகாக்கவே தமிழ்நாட்டில் 1994-ல் தனிச்சட்டம் போட்டார்கள். சொந்தப் பட்டாவில் நின்றாலும் நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது என்று வந்த சட்டம். வாழ்நாளெல்லாம் விதிமுறை பார்த்தே கையெழுத்துப் போட்டவன் நான். தூக்கம் வரவில்லை.

நகைக் கடனுக்கு வரும் நகையை உரைகல்லில் உரசிப் பார்க்காமல் நாங்கள் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. மரத்துக்கு உரைகல் இல்லையா? இருக்கிறது. ஆனால் அதைப் பேனாவில் தேட முடியாது, முதலில் அங்கேதான் ஏமாந்தேன். பேனாவில் தெரிவது மரத்தின் பக்கவாட்டு முகம் மட்டும். அதன் மேல் பாலிஷ் வேறு. மரத்தின் அடையாளம் எல்லாம் குறுக்குவெட்டில் இருக்கிறது, அதைப் பேனாவின் இரண்டு முனையிலும் உலோக மூடி மறைத்துவிடுகிறது. ஆகவே தம்பியிடம் மிச்சத் துண்டைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் எடை. சமையலறைத் தராசில் காய்ந்த துண்டு 42 கிராம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, அளவைச் சுழியாக்கி, துண்டை ஊசியால் குத்தி, அடியில் முட்டாமல் முழுக்க அமுக்கிப் பிடித்தேன். 66 காட்டியது. அதுதான் துண்டின் கன அளவு, கன சென்டிமீட்டரில். 42-ஐ 66-ஆல் வகுத்தால் 0.64 வரும். கருங்காலி, செம்மரமெல்லாம் தண்ணீரில் முழுகுகிற மரம். ஈட்டி மிதந்தாலும் 0.8-க்கு மேலே போகும். பாதி பயம் அப்போதே தெளிந்தது. தேக்கு இந்த எடைக்கு ஒத்துவரும் என்பதால் அதை மட்டும் தள்ள முடியவில்லை.

அடுத்தது வேங்கையா என்று பார்த்தேன். வேங்கைச் சீவலைத் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடித்தால் தண்ணீர் நீலமாக மினுங்கும். என் டம்ளரில் நீலம் வரவில்லை.

பிறகு குறுக்குவெட்டு. புது பிளேடால் ஒரே இழுப்பில் வழவழவென்று சீவி, லேசாக ஈரம் தொட்டு, பத்து மடங்கு காட்டும் நகைக்கடை லென்ஸில் பார்த்தேன். (மழுங்கின பிளேடு வேண்டாம். துளைகள் நசுங்கி ஒன்றுமே தெரியாது.) மரம் நீர் ஏற்றிய குழாய்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. தேக்கில் பெரிய துளைகள் ஆண்டு வளையத்தை ஒட்டி வரிசை கட்டி நிற்கும். இதிலோ பெரிய துளைகள் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறி, ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர் நிறத்தில், நிலாவுக்குக் கோட்டை கட்டின மாதிரி ஒரு வட்டம். பக்கவாட்டு முகத்தில் ஈட்டிக்கும் பூவரசுக்கும் உள்ள நுண்ணிய அலைவரிகளும் இல்லை. இத்தனையும் வாகைக்குப் பொருந்துகிறது. தச்சர் தம்பியைக் கேட்டேன். "கடையறப்ப தும்மித் தள்ளிட்டேன் ஐயா" என்றார். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல்தான்.

ஆனால் தூங்குமூஞ்சியும் வாகைக்கு நெருங்கிய சொந்தம். கட்டை பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். லென்ஸ் என்னை அந்த வாசல் வரைக்கும்தான் கொண்டுவிட்டது. மீதியைச் சொன்னவர் எங்கள் பக்கம் ஆடு மேய்க்கும் ஆத்தா. "அந்த மரமா? மாசி, பங்குனில எலையெல்லாம் கொட்டிப்புட்டு, காஞ்ச நெத்து காத்துல சலசலன்னு பேசிக்கிட்டே நிக்குமே" என்றார். தூங்குமூஞ்சியின் காய் தடித்துக் கறுத்து, உள்ளே பிசுபிசுவென்று இனிக்கும். அது சலசலக்காது. தட்டையாக, காகிதம் போலக் காய்ந்து சத்தம் போடுவது வாகை நெற்று. குளத்துக்கரையில் நிற்கும் வாகையையும் ஆத்தாவே காட்டினார். அதன் அடியில் கிடந்த பட்டுப்போன கிளையில் வைரம் பாய்ந்த துண்டாக ஒன்றை எடுத்துவந்து, அதையும் சீவி, என் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே துளை, அதே வட்டம். கோர்ட்டுக்கோ பெரிய விற்பனைக்கோ சான்று வேண்டுமானால் பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குத் துண்டை அனுப்பலாம், கட்டணம் உண்டு. எனக்கு ஆத்தாவின் சாட்சியே போதும்.

வெள்ளைக்காரன் காலத்தில் அந்தமான் வாகையை 'கிழக்கிந்திய வால்நட்' என்று பெயர் சூட்டிச் சீமைக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். நான் அடுப்புக்கு அனுப்பினேன். வியாபாரி தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இனி கேட்டுப் பயனில்லை. வெட்டுவதற்கு முன் ஒரு கைத்துண்டை வாங்கிப் பார்க்காதது என் தப்பு.

குளத்துக்கரை வாகையில் இந்தப் பங்குனியில் ஒரு சாக்கு நெற்று பொறுக்கினோம். விதைத்தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, அப்படியே ராத்திரி முழுக்க ஊறவிட்டு விதைத்தேன். பயறு, உளுந்து போலக் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் மரம், தழை ஆட்டுக்கும் ஆகும். வடக்கு வரப்பில் இப்போது இருபத்திரண்டு கன்று நிற்கிறது. மூன்றை ஆத்தாவின் ஆடு ஏற்கெனவே ருசி பார்த்துவிட்டது.