ஒரே பக்கம் திரும்பும் வளையம்

ரோலெக்ஸ் நிறுவனம் 1953-இல் உருவாக்கிய சப்மரினர் கைக்கடிகாரத்தில் 100 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது. இன்றைய சப்மரினர் 300 மீட்டர் வரை தாங்கும். இடையில் எத்தனையோ மாற்றங்கள் வந்தும், முகப்பைச் சுற்றியிருக்கும் வளையம் இன்றும் நிலைத்திருக்கிறது.

நீரில் இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டால் போதும். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்த்தவுடன் தெரியும். ஆரம்பத்தில் இரு பக்கமும் திரும்பிய இந்த வளையம், பின்னாளில் இடஞ்சுழியாக மட்டுமே திரும்பும்படி மாறியது. பாறையில் இடித்து நகர்ந்துவிட்டாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. முக்குளிப்பவர் சற்று முன்னதாகவே மேலே வந்துவிடுவார். அழகுக்காகச் செய்த எந்த மாற்றமும் இதற்கு ஈடாகாது.

2010-இல் எஃகு சப்மரினரின் வளையத்தில் அலுமினியத் தகட்டுக்குப் பதில் பீங்கான் வந்தது. எளிதில் கீறல் விழாது, வெயிலில் நிறம் மங்காது. ஆனாலும், நிறம் வெளுத்த பழைய அலுமினிய வளையங்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடித்தேடி வாங்குகிறார்கள். 2020-இல் கடிகாரத்தின் அகலம் 40 மில்லிமீட்டரிலிருந்து 41 ஆனது. பட்டை இணையும் இடமும் 20-இலிருந்து 21 மில்லிமீட்டராக விரிந்தது.