பனிக்காலத்தில் கைமாறிய வீரர்

அமெரிக்காவில் இலையுதிர் காலத்தோடு பேஸ்பால் போட்டிகள் முடிந்து, வசந்தம் பிறக்கும்வரை மைதானங்கள் வெறிச்சோடிக் கிடக்கும் பனிக்காலத்திலேதான், அணிகள் தம் வீரர்களைப் பரஸ்பரம் மாற்றிக்கொள்வதும், அச்செய்தியைப் படித்த ரசிகனின் நெஞ்சில் சந்தேகம் குடிபுகுவதும் வழக்கம்.

1965 டிசம்பரில் சின்சினாட்டி நகரத்தில், 1956 முதல் பத்துப் பருவங்கள் ரெட்ஸ் அணியின் ஜீவநாடியாக விளங்கி, 1961-இல் தேசிய லீகின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதையும் பெற்ற பிராங்க் ராபின்சனை, நிர்வாகம் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்குக் கொடுத்து, பந்தெறிவதில் தேர்ந்த மில்ட் பாப்பாஸையும் வேறு இருவரையும் பெற்றுக்கொண்டது. முப்பது வயதாகிவிட்டது, இனித் தேய்பிறைதான் என்பது நிர்வாகத்தின் அனுமானம்; அந்தப் பருவத்திலேயே 33 முறை பந்தை வேலிக்கு அப்பால் அடித்து ஹோம் ரன் எடுத்தவரா தேய்கிறார் என்பது ரசிகனின் கேள்வி. அணிக்குப் பந்தெறிபவர் தேவைப்பட்டது உண்மையே. ஆனால் அவர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் களமிறங்குவார், ராபின்சனோ அன்றாடம் ஆடுபவர். வீரரின் சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை. அக்கால ஒப்பந்த விதி அவருக்கு அந்த உரிமையை அளிக்கவில்லை என்பதை அநீதி என்றே சொல்வேன்.

மறுவருஷம் ராபின்சன் 49 ஹோம் ரன்களோடு, மட்டையாட்டத்தின் மூன்று பிரதான கணக்குகளிலும் அமெரிக்க லீகில் முதலிடம் பெற்றார். ஓரியோல்ஸ் அணி டாட்ஜர்ஸை நான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து தோற்கடித்து உலகத் தொடரை வென்றது. பாப்பாஸோ மூன்றாம் பருவம் முடியுமுன்னே வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். சின்சினாட்டி ரசிகனின் சந்தேகம் முற்றிலும் நியாயமானது.