வசனம் இல்லை, வீடு நிறையச் சிரிப்பு

பேசிப் பிழைக்கும் வானொலிக்காரி நான். ஆனாலும் வீட்டில் கூட்டம் சேர்க்க, பேசாத படத்தைத்தான் போடுவேன்.

1987இல் வந்த ‘பேசும் படம்’ பார்த்திருக்கிறீர்களா? கமல்ஹாசன் நடித்தது, ஒரு வசனம்கூடக் கிடையாது. சென்ற தீபாவளிக்கு அதைப் போட்டதும் பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டார்கள். கொல்ல வந்தவனின் ஐஸ் கத்தி உருகும் காட்சிக்கு முதலில் சிரித்தது என் பாட்டி. காது கேட்காததால், மற்ற படங்களுக்குப் பாதியிலேயே எழுந்துவிடுவார்.

மலாக்கா ஜாசின் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். ஏற்கெனவே பார்த்தவர் அடுத்த காட்சியைச் சொல்லித் திட்டு வாங்குவாராம். ஊமைப்படக் காலத்தில் திரையருகே நின்று கதை சொல்லவே கொட்டகைகளில் ஆள் இருந்தது. இவருக்குச் சம்பளமில்லை, அவ்வளவுதான்!

இப்போது அந்த வேலை பாட்டிக்கு. “பாரு, மாட்டிக்கப் போறான்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார்.