எலும்புக்குள் ஒரு திருகு

சோறு சாப்பிடும்போது கடைவாயில் ஒரு பொடிக்கல் அகப்பட்டால் என்ன ஆகிறது? நீங்கள் யோசிப்பதற்கு முன்பே தாடை நின்றுவிடுகிறது. பல்லின் மேலே இருப்பது எனாமல். அதில் நரம்பே கிடையாது. அப்படியானால் கல்லைக் கண்டுபிடித்தது யார்?

அதற்கான விடை பல்லின் வேரைச் சுற்றி இருக்கிறது. வேர் தாடை எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொண்டு இல்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி முழுக்க நுண்ணிய நார்கள். ஒவ்வொரு நாரின் ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் பதிந்திருக்கும். நீங்கள் கடிக்கும்போதெல்லாம் பல் ஒரு துளி உள்ளே இறங்கி, விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆம், கொஞ்சமும் ஆடாத பல் என்று நாம் நினைப்பதுகூடச் சில பத்து மைக்ரான் அசையத்தான் செய்கிறது. (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) நார்களுக்கு நடுவே இருக்கும் நரம்பு முனைகள், எவ்வளவு விசை வருகிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. 20 மைக்ரான் கனமுள்ள தாளைப் பற்களுக்கு நடுவே வைத்தால்கூட அவை கண்டுகொள்ளும்.

பல்லைப் பிடுங்கினால் இந்த நார்களும் போய்விடும். அந்த இடத்தில் பல் டாக்டர் இம்பிளாண்ட் வைக்கிறார். பெரும்பாலும் அது 4 மில்லிமீட்டர் விட்டமும் 10 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட டைட்டானியம் திருகு. எலும்பில் துளையிட்டு அதைத் திருகி இறக்குவார்கள். பிறகு அதன் தலையில் பல் வடிவக் கேப்பைப் பொருத்துவார்கள். இங்கே நடுவில் நார் இல்லை. உலோகமும் எலும்பும் நேருக்கு நேர் ஒட்டிக்கொள்கின்றன.

உலோகத்தோடு எலும்பு இப்படி ஒட்டும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரோனமார்க் தற்செயலாகக் கண்டார். 1952இல் லுண்ட் நகரில், எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக, முயலின் கால் எலும்பில் ஒரு சிறிய டைட்டானியம் கருவியைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்ததும் அதைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதன் மேல் வளர்ந்து இறுகப் பற்றியிருந்தது. 1965இல், கீழ்த்தாடையில் குறையோடு பிறந்த ஒருவருக்கு அவர் டைட்டானியம் இம்பிளாண்டுகளை வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை உழைத்தன.

ஆனால் பிரோனமார்க் திருகை வைத்த உடனே கடிக்க விடவில்லை. கீழ்த்தாடை என்றால் மூன்று மாதம், மேல்தாடை என்றால் ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இந்தக் காத்திருப்புதான். ஏனென்றால் அந்த நாட்களில் எலும்புக்குள் நடப்பது நம் கண்ணுக்கும் தெரியாது, வலியாகவும் தெரியாது.

திருகை இறக்கிய அன்று அதைப் பிடித்துவைத்திருப்பவை திருகின் மரைகள் மட்டுமே. மரத்தில் திருகு நிற்பதுபோல வெறும் இறுக்கம். உயிருள்ள எலும்பு சும்மா இருக்காது. துளையிட்டபோது நசுங்கிய பழைய எலும்பை முதலில் அரித்து அகற்றும், அப்புறம்தான் புதியதைக் கட்டும். ஆகவே முதல் நாள் இருந்த பிடிப்பு வாரம் செல்லச் செல்லக் குறையும். மூன்றாம், நான்காம் வாரம் வாக்கில் திருகு இருப்பதிலேயே பலவீனமான நிலையில் இருக்கும். அதற்குள் ஈறு ஆறியிருக்கும், வலியும் போயிருக்கும். தாத்தாவுக்கு முறுக்கு ஆசை வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான்!

அப்போது ஓங்கிக் கடித்தால் திருகு எலும்புக்குள் அசையும். கொஞ்சம் அசைந்தால் எலும்பு பொறுத்துக்கொள்ளும். 150 மைக்ரானைத் தாண்டினால், அதாவது இரண்டு தலைமுடியின் கனம் அளவுக்கு மேல் அசைந்தால், வளரத் தொடங்கிய நுண்ணிய ரத்தக் குழாய்கள் அறுந்துபோகும். புதிய எலும்புக்குப் பதில் தழும்பு போன்ற மென்மையான திசு அங்கே வளர்ந்துவிடும். அந்தத் திசு திருகைத் தாங்காது, இம்பிளாண்ட் ஆடத் தொடங்கும். இப்போதெல்லாம் சிலருக்கு அன்றைக்கே கேப் வைப்பதும் உண்டு. அதற்குமுன் திருகு எவ்வளவு இறுக்கமாக இறங்கியது என்பதை டாக்டர் டார்க் ரெஞ்சால் அளந்து பார்த்துக்கொள்வார்.

எலும்பு நன்றாகப் பிடித்த பிறகு கதை தலைகீழாகிறது. இப்போது விசை வேண்டும். வேலை இல்லாத எலும்பை உடல் வைத்துக்கொள்வதில்லை. விண்வெளியில் மிதக்கும் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் தேய்கிறது. பல் விழுந்த இடத்துத் தாடை எலும்பும் அப்படித்தான் மெலிகிறது. அளவான கடி வந்துகொண்டிருந்தால் இம்பிளாண்டைச் சுற்றியுள்ள எலும்பு நிலைத்திருக்கும்.

அளவு மட்டும் போதாது, திசையும் பார்க்க வேண்டும். ஒரு டம்ளரில் ஈர மணலை அழுத்தி நிரப்பி, நடுவில் பென்சிலைச் செருகுங்கள். மேலிருந்து நேராக அழுத்துங்கள், மணல் தாங்கும். இப்போது பென்சிலின் உச்சியை விரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளித் தள்ளி விடுங்கள். எங்கே முதலில் இடைவெளி விழுகிறது? அடியில் இல்லை, குழியின் வாயில். பென்சில் வெளியே எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவு எளிதாகக் குழி அகலும். நெம்புகோல் கணக்குதான் இது.

இம்பிளாண்டிலும் பக்கவாட்டு விசை பெரும்பாலும் அதன் கழுத்தருகே, எலும்பின் விளிம்பில் குவிகிறது. இதனால்தான் கேப்பின் மேடுகளைத் தட்டையாகச் செய்கிறார்கள். கடி திருகின் நடுக்கோட்டை ஒட்டி இறங்குகிறதா என்று பார்க்க, வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். தாளின் மை எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் விசை விழுகிறது. ஒரு பக்கமாக அடர்ந்து ஒட்டியிருந்தால் அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வார்கள்.

வலுவான ஒரு பெரியவர் கடைவாயில் முழு பலத்தோடு கடித்தால் 500 நியூட்டனைத் தாண்டலாம். 50 கிலோ எடையை ஒரே இடத்தில் வைத்ததற்குச் சமம். சாப்பிடும்போது நாம் அவ்வளவு கடிப்பதில்லை. தூக்கத்தில் பற்களை நறநறவென்று அரைப்பவர்கள்தான் பெரிய விசையை, அதுவும் பக்கவாட்டில், நெடுநேரம் தருகிறார்கள். இயற்கைப் பல்லாக இருந்தால் அதன் நார்கள் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இம்பிளாண்டுக்கு அந்த வசதி இல்லை. மெல்லிய தாளை உணர்வதிலும் அது இயற்கைப் பல்லைவிட மந்தம். சில சமயம் கேப்பைப் பிடித்திருக்கும் சின்னத் திருகு முதலில் தளரும். கேப் ஆடினால் பயப்படுவார்கள். உண்மையில் அது நல்ல எச்சரிக்கை. எலும்பு கெடும் முன்பே, எங்கோ விசை அதிகம் என்று தெரிந்துவிடுகிறது. தூக்கத்தில் பற்களை அரைப்பவர்களுக்கு இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து தருவார்கள்.

“என் பல் விழுந்தால் எனக்கும் இம்பிளாண்ட் வைக்கலாமா?” என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் பள்ளிப் பிள்ளை என்றால், பொதுவாக இப்போது வைக்கமாட்டார்கள். உங்கள் தாடை வளர்ந்துகொண்டிருக்கிறது. இயற்கைப் பற்கள் நார்களின் உதவியால் அந்த வளர்ச்சியோடு சேர்ந்து நகரும். எலும்போடு ஒட்டிய இம்பிளாண்ட் நகராது. சில ஆண்டுகளில் மற்றப் பற்கள் முன்னேறிப் போக, அது மட்டும் பின்தங்கிப் பள்ளத்தில் நிற்கும். அதனால்தான் வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கிறார்கள்.

ஆகவே விளையாட்டில் அடிபட்டு நிரந்தரப் பல் முழுதாக வெளியே வந்துவிட்டால், அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாமல், பல்லின் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் லேசாக அலசலாம், தேய்க்கக் கூடாது. வேரில் ஒட்டியிருக்கும் நார்களில் இன்னும் உயிர் இருக்கிறது. பல்லை உடனே அதன் குழியில் திரும்ப வைக்க முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள், அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள், பெரியவர்களோடு பல் டாக்டரிடம் ஓடுங்கள்.