கடுகைவிடச் சிறிய ஏர்பஸ்

சென்னை மாத்தூரில் ஒரு மொட்டை மாடி. மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஒரு ஏர்பஸ் ஏ320 போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளம் 37.57 மீட்டர். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை முழுக்க நீட்டி எடுத்தாலும் சென்சாரில் விழும் பிம்பம் 0.7 மில்லிமீட்டர்தான். கடுகுகூட அதைவிடப் பெரிது. 250 மி.மீ. லென்ஸ் என்றால் 3 மில்லிமீட்டரைத் தாண்டும். விமானத்தின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் பெருக்கித் தொலைவால் வகுத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும்.

ஆகவே, முதல் கேமரா வாங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: பாடி பழசாக இருக்கட்டும், காசை லென்ஸில் போடுங்கள். பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆரோடு கேனான் 55-250 அல்லது நிக்கான் 70-300 போதும். நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் உள்ள லென்ஸாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது விலையைவிட எனக்குப் பயம் பூஞ்சைதான். நம் பக்கத்துக் கடல்காற்றின் ஈரம் அதற்குத் தீனி. இரண்டு மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல வெள்ளையாகக் கிளை பிரிந்திருந்தால் வேண்டாம். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். துடைத்தாலும் தடம் போகாது. நல்ல லென்ஸைக்கூட வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

உச்சிவெயிலில் எந்த லென்ஸும் உதவாது. சூடேறிய காற்று ஒளியை வளைத்து வளைத்து, விமானத்தின் விளிம்பையே நெளியவைக்கும். காலையில் கடற்கரை நிலையத்தில் தாம்பரம் ரயில் ஏறிப் பரங்கிமலைக்குப் போங்கள். மலைமேல் நின்றால் விமான நிலைய ஓடுபாதை தென்மேற்கில் தெரியும். சூரியன் முதுகுக்குப் பின்னால். ஒரு கிலோமீட்டரில் வரும் ஏ320, அதே 250 லென்ஸில் 9 மில்லிமீட்டர், ஏறக்குறைய படத்தின் பாதி அகலம்! ஆனால் விமான நிலைய வளாகத்துக்குள்ளும், இங்கே துறைமுகம், மணலி ஆலைகள் பக்கமும் அனுமதியில்லாமல் கேமராவை எடுக்காதீர்கள்.

ஜெட் விமானத்துக்கு ஷட்டர் 1/1000 வையுங்கள். ஏடிஆர் 72 வந்தால் உடனே 1/125-க்கு இறக்குங்கள். அதன் ஆறு இதழ் விசிறி நிமிடத்துக்கு 1200 சுற்றுவரை சுற்றும். 1/1000-ல் இதழ் 7 டிகிரிதான் நகரும். விசிறி நின்றுபோன விமானம் ஆகாயத்தில் தொங்குவதுபோல இருக்கும். 1/125-ல் 58 டிகிரி நகர்ந்து, ஒவ்வொரு இதழும் அடுத்ததன் இடத்தைத் தொட்டுவிடும். மூக்கின் இருபுறமும் இரண்டு மெல்லிய வெள்ளி வட்டங்கள் விழும்.