பரிசுத்த தேசத்தின் பந்தியில் அமருவோம்



நம்முடைய சபைகளிலிருந்து எகிப்து, யோர்தான், இஸ்ரவேல் ஆகிய தேசங்களுக்குப் பயணம் சென்று வந்தவர்கள் பலர். மும்பையிலும் பூனேயிலும் சூரத்திலும் டில்லியிலும் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில், ஆயுளில் ஒருமுறையாவது கலிலேயாக் கடலைக் கண்ணாரக் காணவேண்டும் என்று வாஞ்சிக்கிற பெற்றோர் நம்மில் அநேகர் உண்டு. அப்பயணத்திற்காக அவர்கள் கட்டும் பெட்டியைத் திறந்து பாருங்கள். வேதாகமத்திற்கு அருகிலேயே எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு ஆகியவை இடம்பெற்றிருக்கும். பயண ஏற்பாட்டாளர்களின் துண்டுப்பிரசுரங்களிலும், தினந்தோறும் இந்திய உணவு உண்டு என்னும் வாக்குறுதி தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

இதில் பாவம் ஒன்றும் இல்லை. முதியவர்களுக்கும் நோயுள்ளவர்களுக்கும் பழகிய உணவு அவசியமே. ஆயினும், நம் ஆண்டவர் நடந்த மண்ணைக் காணும்படி பெருந்தொகை செலவிட்டுச் சென்று, அந்த மண் விளைவிக்கும் அப்பத்தை ருசிபாராமலும், அம்மக்களில் ஒருவரோடும் பந்தியிருக்காமலும் திரும்பிவருவது பேரிழப்பு அல்லவா? வேதத்திற்கு எழுதப்பட்ட விளக்கவுரைகள் ஏராளம். அத்தேசங்களின் உணவு மேசையும் ஒரு விளக்கவுரையே. அதை வாசிக்க உங்களை அன்புடன் அழைக்கிறேன்.

எகிப்தின் நினைவு

பயணம் பெரும்பாலும் கெய்ரோ நகரில் தொடங்கும். அங்கே காலை உணவாக விற்கப்படுவது ‘ஃபூல்’ என்பதாகும். மொச்சையைப் போன்ற பெரிய அவரைப் பயற்றை இரவெல்லாம் இளந்தீயில் வேகவைத்து, எண்ணெயும் சீரகமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ரொட்டியோடு உண்கிறார்கள். நண்பகலில் ‘கோஷரி’ கிடைக்கும். சோறு, பயறு, மக்ரோனி, கொண்டைக்கடலை ஆகியவற்றைக் கலந்து, தக்காளிக் குழம்பை ஊற்றி, பொன்னிறமாகப் பொரித்த வெங்காயத்தை மேலே தூவித் தருவார்கள். இதை நம் நாட்டுக் கிச்சடியின் உறவாகக் கருதுவோரும் உண்டு. இறைச்சி சேராத உணவாகையால், சைவ உணவை விரும்புகிறவர்களும் தயக்கமின்றி உண்ணலாம்.

அந்த வெங்காயத்தையும் பூண்டையும் வெள்ளரியையும் ருசிக்கும்போது எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் அழுதது இவற்றை நினைத்துத்தான். வானத்திலிருந்து மன்னா பொழிந்துகொண்டிருந்தது. அவர்கள் நாவோ அடிமைத்தன வீட்டின் ருசியைத் தேடியது. மன்னாவில் குறை இல்லை. நன்றி மறந்த இருதயத்தில்தான் குறை இருந்தது. சுற்றுலாப் பேருந்தில் அமர்ந்து, ரசமும் சோறும் இல்லை என்று மூன்றாம் நாளிலேயே முறுமுறுக்கிற பயணிகளுக்கு இவ்வதிகாரம் நல்ல கண்ணாடி.

யோர்தானின் தாலம்

யோர்தான் தேசத்தில் விருந்தாளிக்குச் செய்யப்படும் உயர்ந்த கனம் ‘மன்சாஃப்’ என்னும் உணவாகும். ஆட்டிறைச்சியை, ‘ஜமீத்’ எனப்படும் உலர்ந்த தயிரைக் கரைத்த குழம்பில் வேகவைத்து, மெல்லிய ரொட்டியும் சோறும் பரப்பிய பெரிய தாலத்தின்மேல் வைக்கிறார்கள். மரபுப்படி அனைவரும் அத்தாலத்தைச் சூழ்ந்து நின்று, வலது கையினால் எடுத்து உண்பார்கள். 2022-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விருந்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கையால் உண்டு பழகிய தமிழருக்கு இதில் கூச்சம் ஏது?

இப்பொழுது ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மம்ரேயில் மூன்று அந்நியருக்கு ஆபிரகாம் படைத்த விருந்தில் அப்பமும், கன்றின் இறைச்சியும், அதனோடு வெண்ணெயும் பாலும் இருந்தன. கூடாரவாசிகளின் உபசாரம் இன்றும் அதே சாயலில் இருப்பதைக் காண்கிறோம். கடைசி இராப்போஜனத்தில் ஆண்டவரோடு ஒரே தாலத்தில் கையிட்டவனைக் குறித்த வசனமும் (மத்தேயு 26:23) அந்தத் தாலத்தின் அருகில் நிற்கும்போது நம் நெஞ்சைத் தைக்கும். ஒரே பாத்திரத்தில் உண்டவர்கள் ஒருவருக்கொருவர் உண்மையாயிருக்கக் கடமைப்பட்டவர்கள். யூதாஸின் துரோகம் எவ்வளவு கொடியது என்பது அங்கே புரியும்.

நாடோடி அரபியர் தரும் காப்பியைச் சிறு கிண்ணத்தில் ஊற்றுவார்கள். நீங்கள் வெறுமனே கிண்ணத்தை நீட்டினால் மறுபடியும் ஊற்றப்படும். போதும் என்பதற்கு அடையாளம் கிண்ணத்தை இலேசாக அசைத்துக் கொடுப்பதே.

இஸ்ரவேலின் மேசை

எல்லையைக் கடந்து இஸ்ரவேலுக்குள் சென்றவுடன் மேசையின் பிரமாணம் மாறிவிடுகிறது. யோர்தானில் தயிரில் வெந்த இறைச்சியை உண்டவர்கள், இங்கே யூத உணவு முறையான ‘கோஷர்’ கைக்கொள்ளப்படும் விடுதியில் பாலையும் இறைச்சியையும் ஒரே மேசையில் காணமாட்டார்கள். குட்டியைத் தாய்ப்பாலில் சமைப்பதற்கு மோசே விதித்த தடையை (யாத்திராகமம் 23:19) யூதர் இவ்வாறு விரிவாகக் காத்துக்கொள்கிறார்கள். காலையில் பாலாடைக்கட்டி, தயிர், முட்டை, மீன், பச்சைக் காய்கறிகள் வரும், இறைச்சி வராது. இறைச்சி பரிமாறப்படும் இரவு உணவிலோ, தேநீருக்குப் பால் கிடைக்காது. பணியாளரைக் கடிந்துகொள்ளவேண்டாம்; அவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை, பிரமாணத்தைக் காக்கிறார். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டிச் சமைப்பதில்லை. ஆகையால் வெள்ளி மாலைக்கு முன்பே சமைத்துச் சூடாக வைத்திருந்ததையே பரிமாறுவார்கள். பஸ்கா நாட்களில் சென்றால் புளித்த அப்பம் அகப்படாது. ‘மாத்சா’ என்னும் புளிப்பில்லா அப்பமே உண்டு. மாவில் தண்ணீர் பட்டது முதல் 18 நிமிடங்களுக்குள் அதைச் சுட்டு முடிக்கவேண்டும் என்பது அவர்கள் முறைமை. எகிப்திலிருந்து தீவிரமாய்ப் புறப்பட்ட அந்த இரவின் அவசரம் இன்றும் அந்த அப்பத்தில் இருக்கிறது.

கலிலேயாக் கடலோரத்தில் ‘பேதுருவின் மீன்’ என்று முழு மீனைப் பொரித்து வைப்பார்கள். பார்த்தவுடன் உங்களுக்கு அடையாளம் தெரியும். நம் ஊர்ச் சந்தையில் ஜிலேபி மீன் என்று விற்கப்படும் திலாப்பியா இனமே அது. வாயில் வெள்ளிக்காசு இருந்த மீன் (மத்தேயு 17:27) இதுவே என்பது வழக்கில் உள்ள நம்பிக்கை. ஆனால் இம்மீன் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்பதால் தூண்டிலில் எளிதில் சிக்காது. பேதுரு பிடித்தது கெண்டை இனத்தைச் சேர்ந்த வேறொரு மீனாயிருக்கலாம் என்று அக்கடலை ஆராய்ந்த மெண்டல் நூன் போன்றோர் கருதினர். அதே கடலில் செதில் இல்லாத கெளுத்தி மீனும் உண்டு. செதிலும் சிறகும் இல்லாததை யூதன் உண்ணலாகாது (லேவியராகமம் 11:9,10). வலையைக் கரைசேர்த்து, நல்லவற்றைக் கூடையில் சேர்த்து, ஆகாதவற்றை எறிந்துவிட்டதாக ஆண்டவர் சொன்ன உவமையைக் (மத்தேயு 13:47,48) கேட்ட மீனவருக்கு விளக்கம் தேவைப்பட்டிராது.

இன்னும் சிலவற்றைத் தவறவிடாதீர்கள். ஏசா தன் சேஷ்டபுத்திர பாகத்தை விற்றது பயற்றங்கூழுக்காக. மசூர் பருப்பில் செய்த அத்தகைய கூழ் இன்றும் அரபியர் கடைகளில் கிடைக்கும். ரொட்டியின்மேல் தூவித் தரும் ‘ஸாத்தர்’ என்னும் வாசனைப் பச்சிலையே வேதத்தின் ஈசோப்பு என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஒலிவ எண்ணெயில் அப்பத்தைத் தோய்க்கும்போது, கெத்செமனே என்பதற்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள் என்பதை நினைவுகூருங்கள். மசாதா மலைக்கோட்டை அகழாய்வில் கிடைத்த, ஏறக்குறைய 2000 ஆண்டு பழமையான பேரீச்ச விதை ஒன்று 2005-ஆம் ஆண்டில் முளைத்தது. பழமையான விதைகளிலிருந்து வளர்ந்த பெண் மரம் ஒன்று 2020-இல் கனி தந்தது. செத்ததென்று எண்ணப்பட்டதை உயிர்ப்பிக்க நம் தேவன் வல்லவர்.

யோப்பாவில் நின்று சிந்தியுங்கள்

டெல் அவிவ் நகரை ஒட்டியுள்ள யோப்பா துறைமுகத்தில், தோல் பதனிடுகிற சீமோனின் வீடு இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தைக் காண்பிப்பார்கள். பேதுரு பசியோடிருந்த வேளையில் வானத்திலிருந்து இறங்கிய துப்பட்டியைக் கண்டது யோப்பாவிலேதான். அதன் பின்பு அவன் செசரியாவுக்குப் போனான். கொர்நேலியுவின் வீட்டாரின்மேல் பரிசுத்த ஆவியானவர் இறங்கினார்.

அப்போஸ்தலர் 11:3-ஐக் கவனித்து வாசியுங்கள். எருசலேமில் பேதுருவின்மேல் சாட்டப்பட்ட குற்றம் என்ன? புறஜாதியாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கட்டளையிட்டான் என்பதைவிட, அவர்களோடு உட்கார்ந்து உண்டான் என்பதே அவர்களை உறுத்தியது. பின்னொரு நாளில் அந்தியோகியாவில் அதே பேதுரு மனுஷருக்குப் பயந்து புறஜாதியாரின் பந்தியை விட்டு விலகியபோது, பவுல் முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). உணவு மேசையை அப்போஸ்தலர் அற்பமாய் எண்ணவில்லை. அங்கே சுவிசேஷத்தின் சத்தியமே சோதிக்கப்படுவதைக் கண்டார்கள். பெந்தெகொஸ்தே நாளில் பிறந்த சபை வீடுகள்தோறும் களிப்போடு உணவைப் பகிர்ந்துகொண்டது (அப்போஸ்தலர் 2:46). அந்நிய பாஷை பேசுகிற நமக்கு அந்நியனோடு அமர்ந்து உண்ண மனதில்லை என்றால், எங்கோ குறை இருக்கிறது.

மனசாட்சியின் கேள்விகள்

ஹலால் இறைச்சியை உண்ணலாமா என்று விசுவாசிகள் கேட்பதுண்டு. எகிப்திலும் யோர்தானிலும் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுவே. கடையில் விற்பதைக் குறித்து விசாரணை பண்ணாமல் உண்ணும் சுயாதீனத்தைப் பவுல் நமக்குத் தருகிறார் (1 கொரிந்தியர் 10:25,26). மேலும் ஹலால், கோஷர் ஆகிய இரு முறைகளிலும் இரத்தம் வடிக்கப்படுகிறபடியால், அப்போஸ்தலர் 15:29-இன் கட்டளைக்கு இடறல் இல்லை என்பதே என் கருத்து. எனினும் உங்கள் மனசாட்சி சம்மதிக்கவில்லையெனில் காய்கறிகளை உண்ணுங்கள். உண்கிற சகோதரனை நியாயந்தீர்க்காதீர்கள். உண்கிறவரும் உண்ணாதவரை அற்பமாய் எண்ணவேண்டாம் (ரோமர் 14:3).

மதுபானத்தைப் பற்றி நம் சபைகளின் நிலை தெளிவானது. கானா ஊரில் கல்யாணத் திராட்சரசம் என்று புட்டிகளை விற்பார்கள். ஞாபகார்த்தமாக என்று சொல்லி வாங்கிவந்து, வீட்டிலுள்ள வாலிபருக்கு இடறல் உண்டாக்கவேண்டாம். அதற்குப் பதிலாக ஒலிவ எண்ணெயோ பேரீச்சம்பழமோ வாங்கிவரலாம்.

செல்வோருக்குச் சில ஆலோசனைகள்

1. அப்பிரதேசத்தில் 2023 அக்டோபர் முதல் யுத்தத்தினால் பயணங்கள் பலமுறை தடைபட்டன. முன்பணம் கட்டும் முன்பே இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

2. ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது உள்ளூர் உணவை உண்ணும்படி ஏற்பாட்டாளரிடம் முன்னதாகவே கேளுங்கள். பெத்லெகேமில் பயணிகளின் வருகையை நம்பி வாழும் அரபுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய உணவுக்கடையில் உண்பது அவர்களுக்குச் செய்யும் உதவியுமாகும்.

3. நீரிழிவு உள்ளவர்கள் பேரீச்சம்பழத்திலும் இனிப்புகளிலும் அளவோடிருங்கள்; மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். ‘ஜி6பிடி’ என்னும் இரத்தக் குறைபாடு உள்ளவர்கள் ஃபூல் உணவை அறவே தவிர்க்கவேண்டும். அந்த அவரை அவர்களுடைய சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

4. ரமலான் மாதத்தில் யோர்தானில் பகல்வேளையில் பொது இடத்தில் உண்பதும் பருகுவதும் சட்டப்படி குற்றம். விடுதிக்குள் உண்ணுங்கள்.

5. பரிமாறுகிறவருக்கு நன்றி சொல்லுங்கள். அரபியில் ‘சுக்ரன்’, எபிரெயத்தில் ‘தோதா’. இவ்விரண்டு சொற்கள் முகமலர்ச்சியைச் சம்பாதித்துத் தரும்.

பக்கத்து வீட்டுப் பந்தி

பிரியமானவர்களே, எல்லாராலும் எருசலேமுக்குச் செல்ல இயலாது. ஆனால் பிழைப்பைத் தேடி அந்நிய மொழி பேசும் நகரத்திற்கு வந்து குடியேறிய நாம் ஒவ்வொருவரும் பயணிகளே. முப்பது ஆண்டுகளாக மராட்டிய மண்ணில் வாழ்ந்தும், மராட்டியக் குடும்பம் ஒன்றின் வீட்டில் பாக்ரியும் பிட்லாவும் உண்டறியாத விசுவாசிகள் நம்மிடையே இல்லையா? நம் வீட்டு இட்லியை அவர்கள் ருசிபார்த்ததும் இல்லை. பின்பு, அண்டை வீட்டார் சுவிசேஷத்தைக் கேட்கவில்லை என்று உபவாசித்து ஜெபிக்கிறோம்!

பண்டிகையன்று படைக்கப்பட்டது என்று அறிவித்துத் தந்தால், அன்பான சொற்களால் மறுத்துவிடுங்கள். அதற்கும் வேதம் வழிகாட்டுகிறது (1 கொரிந்தியர் 10:28). ஆனால் சாதாரண நாளில், அன்பினால் அழைக்கிறவரின் வீட்டுக்கு மகிழ்ச்சியோடு செல்லுங்கள். எழுபது பேரை அனுப்பினபோது, ஏற்றுக்கொள்ளுகிற வீட்டில் தங்கி, வைத்ததை உண்ணும்படியே ஆண்டவர் அவர்களுக்குக் கற்பித்தார் (லூக்கா 10:7,8). அதன் பின்பே தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று என்று அறிவிக்கச் சொன்னார். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பந்தி, பிறகு பிரசங்கம்.

இந்த மாதத்தில் ஒரு வீட்டாரையாவது உங்கள் மேசைக்கு அழையுங்கள். ஒரு வீட்டாரின் மேசையிலாவது அமருங்கள். எம்மாவு ஊரில் அப்பம் பிட்கப்பட்ட வேளையில் கண்களைத் திறந்த கர்த்தர் (லூக்கா 24:30,31), உங்கள் பந்தியிலும் தம்மை வெளிப்படுத்துவாராக. ஆமென்.